எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, மேலகரத்திலுள்ள எங்கள் அலுவலகத்தின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க முடிவொன்று எடுக்கப்பட்டது. மாடிப்படியின் இடப்பக்கம் இருந்த செருப்புப் பலகையை வலப்பக்கத்துக்கு மாற்றுவது என்று எட்டுப் பேர் கூடி, முப்பத்தைந்து நிமிடம் விவாதித்து, ஏகமனதாகத் தீர்மானித்தோம். இடப்பக்கம் சாரல் அடிக்கிறது என்பது ஒரு தரப்பு. வலப்பக்கம் நாய் படுக்கிறது என்பது மறுதரப்பு. நாயின் கருத்து கேட்கப்படவில்லை. முதலாளி தீர்மானத்தைத் தம் கைப்படக் குறிப்பேட்டில் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, ஒன்பதாவது ஆளுக்காக ஒரு வரியைக் காலியாக விட்டார்.

அந்த ஒன்பதாவது ஆள் உலகம்மாள் அவர்கள். என்றும் ஒன்பது மணிக்கு முன்னால் வந்துவிடுகிறவர் அன்று வரவில்லை. முதலாளி பேனாவை மூடுவதற்குள் என் கைபேசி ஒலித்தது. இலத்தூரிலிருந்து அவருடைய கணவர் சண்முகவேல் பேசினார்.

"அவ போயிட்டா அண்ணாச்சி. எட்டு மணிக்கு நெஞ்சு அடைக்குன்னா. ஆட்டோ வாறதுக்குள்ள முடிஞ்சிட்டு."

அலுவலகத்தில் அதற்குமேல் அன்று எந்தத் தீர்மானமும் எடுக்கப்படவில்லை.

உலகம்மாள் அவர்களை அறியாதவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்வது எளிதல்ல. அவருக்கு வயது ஐம்பத்தொன்று. பிறந்தது தென்காசி. நெல் விவசாயக் குடும்பம். பெங்களூரில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனபோது கணவருடன் இலத்தூருக்கு வந்தார். அவர் என்ன வேலை பார்த்தார் என்பதை அந்த ஊரில் யாருக்கும் கடைசிவரை விளக்க முடியவில்லை. "கம்ப்யூட்டர்ல இருக்கா" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார்கள். அவரும் அதை மறுத்ததில்லை.

எங்கள் நிறுவனம் சிறியது. இந்த வட்டாரத்து லாட்ஜுகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் ஜாவாவில் நிரல் எழுதிக் கொடுக்கிறோம். நிரலை எழுதுவது என் போன்றவர்கள் வேலை. எழுதியதைச் சர்வரில் ஏற்றி, ஓட வைத்து, ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள ஒருவர் தேவைப்பட்டார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அதற்கான நேர்காணலுக்கு அவர் வந்தார். முதலாளி கேள்விகளைத் தாளில் எழுதி வைத்திருந்தார். முதல் கேள்விக்குள் நுழைவதற்கு முன் உலகம்மாள் அவர்கள் ஒன்று கேட்டார்.

"ஒங்க லாட்ஜ் நிரலு எந்த டேட்டாபேஸ்ல பேசிட்டு இருக்கு?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கோப்பைத் திறந்து முகவரியைப் படித்துக் காட்டினேன்.

"இது பைல்ல எழுதியிருக்கது. இப்பம் ஓடுதது எதுன்னு கேட்டேன்."

போய்ப் பார்த்தோம். குற்றாலத்து லாட்ஜ் ஒன்றின் முன்பதிவுகள் எல்லாம் நான்கு மாதமாக, நாங்கள் சோதனைக்கு வைத்திருந்த டேட்டாபேஸில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. லாட்ஜ்காரர் அதுவரை ஒரு குறையும் சொல்லவில்லை. அவர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. நேர்காணல் அத்துடன் முடிந்தது. யார் யாரை வேலைக்கு எடுத்தார்கள் என்பதில் இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

நடந்தது என்ன என்று அவரே அன்று விளக்கினார். ஒரு நிரலுக்குத் தேவையான எண்களும் முகவரிகளும் அதனுடனேயே போகும் ஒரு கோப்பில் இருக்கும். அதே விவரங்களை, நிரல் ஓடுகிற கணினி வெளியிலிருந்தும் சொல்லலாம். அப்படி வெளியிலிருந்து வருவதற்கு ஆங்கிலத்தில் என்விரான்மென்ட் வேரியபிள், தமிழில் சூழல் மாறி என்று பெயர். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், வெளியில் சொன்னதுதான் செல்லும். கோப்பு வாயை மூடிக்கொள்ளும். முதலாளிக்கு இது பிடிபடவில்லை.

"என்ன மொதலாளி, சீசன்ல லாட்ஜ் செவுத்துல எழுதியிருக்க வாடகையவா குடுக்கோம்? கவுண்டர்ல இருக்கவரு சொல்லுததுதான வாடகை? செவுருதான் பைலு. கவுண்டருதான் என்விரான்மென்ட்டு."

முதலாளிக்கு உடனே பிடிபட்டது. அவருக்கு மேலகரத்தில் சொந்தமாக ஒரு லாட்ஜ் உண்டு.

வேலையில் சேர்ந்த வாரமே தம் மேசைக்கு மேல் ஒரு தாளை பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டினார். கோப்பில் இருக்கும் பெயர் வெளியே எப்படி எழுதப்படும் என்ற விதி அதில் இருந்தது. கோப்பில் siren.alert-level என்று சாதுவாக இருப்பது, வெளியில் SIREN_ALERTLEVEL என்று எழுந்து நிற்கும். புள்ளி கீழ்க்கோடாகும்; இடைக்கோடு காணாமல் போகும்; எழுத்தெல்லாம் பெரிதாகும். நாங்கள் பயன்படுத்தும் ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பு இரண்டும் ஒன்றே என்று அறிந்துகொள்ளும். வேறு சில கட்டமைப்புகளில் இடைக்கோடும் கீழ்க்கோடாகிவிடும் என்பதை அடியில் சிவப்பு மையில் எழுதியிருந்தார். ஒருமுறை சிவகிரியிலிருந்து வந்த அரிசி ஆலைக்காரர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது ஏதும் யந்திரத் தகடாம்மா?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி. கண்ணு படாம இருக்க" என்றார் உலகம்மாள் அவர்கள். ஆலைக்காரர் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் கொண்டுவந்த பழக்கங்களில் முக்கியமானது பேர் கூப்பிடுவது. ஒரு நிரலை நிறுத்தி மீண்டும் எழுப்பும்போதெல்லாம், அது எந்தப் பெயருக்கு என்ன மதிப்பை எடுத்துக்கொண்டது, அதை எங்கிருந்து எடுத்தது என்று மூன்று பத்தியாகத் திரையில் வரும்படி செய்தார். ஒருவர் அதை உரக்கப் படிக்க வேண்டும். இன்னொருவர் ஒவ்வொன்றுக்கும் "சரி" சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பது போல இருக்கும். தனி ஆளாகச் செய்யக் கூடாது. வாடிக்கையாளர்கள் வந்திருக்கும்போது இது நடந்தால் பூஜை நடக்கிறது என்று நினைத்துச் சிலர் எழுந்து நின்றிருக்கிறார்கள். எனக்கு இது தண்டவேலையாகத் தெரிந்தது. கோப்பு கண்முன் இருக்கும்போது எதற்கு இந்தப் பாராயணம் என்று பலமுறை அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்டுக்கொள்வார். அடுத்த நாளும் படிப்பார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது. அதில் என் பங்கும் உண்டு.

குற்றாலம் போகும் பாதையிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு தனியார் விடுதி இருக்கிறது. அதன் எல்லைக்குள் ஓடை ஒன்று பாறையிலிருந்து விழுகிறது. விடுதி அதை அருவி என்று அழைக்கிறது. சாரல் காலத்தில் ஓடையும் அதற்கேற்ப நடந்துகொள்ளும். மேலே மலையில் மழை பெய்தால் கீழே குளிப்பவர்களுக்குத் தெரியாது. தண்ணீர் திடீரென்று வரும். எனவே மேட்டில் நீரளவு பார்க்கும் கருவி ஒன்றை வைத்து, அளவு அறுபது சென்டிமீட்டரைத் தாண்டினால் கீழே சைரன் அடிக்கும்படி நாங்கள் நிரல் செய்து கொடுத்திருந்தோம். சீசன் இல்லாத மாதங்களில் அந்த நிரல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும்.

தை மாதம் ஒருநாள் அதைச் சோதித்துப் பார்க்க எழுப்பினேன். கருவியில் ஏதோ கோளாறு. அளவு தாறுமாறாக ஏறிச் சைரன் அடித்தது. அந்த நேரத்தில் விடுதி மண்டபத்தில் ஒரு கல்யாணம். விடுதி மேலாளர் ரெஜி கேரளத்து அச்சன்கோவில் பக்கத்துக்காரர். அழாத குறையாக என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, நிறுத்தணும் அண்ணா! மாப்பிள்ளை தாலியக் கையில வச்சிட்டு மேல பாத்து நிக்கான். கெட்டிமேளமே கேக்கல!"

அவசரத்துக்கு நான் சர்வரில் வெளியிலிருந்து அளவைத் தொள்ளாயிரம் என்று கொடுத்தேன். ஓடை ஒன்பது மீட்டர் உயர்ந்தால்தான் இனி சைரன் அடிக்கும். சத்தம் நின்றது. தாலி ஏறியது. அரை மணி நேரம் கழித்து அதை எடுத்துவிடுவதாக இருந்தேன். கருவியைப் பழுதுபார்க்க அனுப்பினோம், நிரலை நிறுத்தினோம், தைப்பூசம் வந்தது.

சீசன் தொடங்கிய சனிக்கிழமை நிரலை மறுபடி எழுப்பினேன். உலகம்மாள் அவர்கள் உறவில் ஒரு காதுகுத்துக்காக விடுப்பில் இருந்தார். படிக்க ஆள் உண்டு, சரி சொல்ல ஆள் இல்லை. கோப்பைத் திறந்து பார்த்தேன். அறுபது என்று இருந்தது. மூடிவிட்டேன்.

திங்கட்கிழமை வந்ததும் அவர் கேட்டார்.

"சனிக்கிழம சைரன எழுப்புனீங்களே, பேர் கூப்பிட்டீங்களா அண்ணாச்சி?"

"தனியாத்தான் இருந்தேன். பைலப் பாத்தேன். அறுபதுதான்."

"பைலு என்ன சொல்லுதுன்னு நான் கேக்கல."

"அதுக்கு மேல எவன் வந்து மாத்தப் போறான்?"

"அதத்தான் பாக்கப் போறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

திரையில் வந்த வரியை அவர் உரக்கப் படித்தார். "சைரன் அளவு. தொள்ளாயிரம். வெளியிலிருந்து."

நான் "சரி" சொல்லவில்லை. பக்கத்துத் திரையில் ஓடையின் அளவு ஐம்பத்தேழு என்று இருந்தது. சன்னலுக்கு வெளியே மேற்கே மலை தெரியவில்லை, முழுக்க மேகம். அவர் அந்த எண்ணைத் தொடவில்லை. முதலில் கைபேசியை எடுத்தார்.

"ரெஜி, எத்தன பேரு தண்ணில நிக்காங்க?"

"ஒரு நாப்பது பேரு இருக்கும் மேடம். எந்தா காரியம்?"

"எல்லாரையும் கரையேத்துங்க. இப்பமே."

"சைரன் அடிக்கலையே மேடம்?"

"அடிக்காது. அதனாலதான் நான் கூப்பிடுதேன்."

"தண்ணி தெளிஞ்சுதான் வருது. பாதிப் பேரு சோப்பு போட்டுட்டு நிக்காங்க. சண்டைக்கு வருவாங்க மேடம்."

"வரட்டும். கரையில நின்னு சண்ட போடட்டும்."

அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை. கைபேசியை மேசையில் வைத்துவிட்டு, ரெஜி விசில் ஊதுவதையும் ஆட்கள் திட்டுவதையும் கேட்டபடி, சர்வரில் நான் வைத்திருந்த தொள்ளாயிரத்தை எடுத்துவிட்டு நிரலை நிறுத்தி எழுப்பினார். "சைரன் அளவு. அறுபது. கோப்பிலிருந்து" என்று படித்தார். இம்முறை "சரி" என்றேன். அப்போது ஓடை அறுபத்து நான்கில் இருந்தது. கைபேசிக்குள் சைரன் அடிப்பது கேட்டது. கடைசியாக ஏறியவர் தோசைக்கல் அளவுக்குத் தொப்பையுள்ள ஒரு பெரியவர் என்றும், அவர் ஏறி நின்று துண்டைப் பிழிந்துகொண்டிருந்தபோது செம்மண் நிறத்தில் தண்ணீர் இறங்கி, குளிப்பவர்கள் பிடித்துக்கொள்ளும் இரும்புச் சங்கிலியைக் கம்பத்தோடு பிடுங்கிப் போனது என்றும் ரெஜி பிறகு சொன்னார். நாற்பது பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சோப்புத் தலையோடு வெளியேற்றப்பட்டதைக் கண்டித்து அவர்களில் ஒருவர் விடுதிக்கு இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் வழங்கினார். அது இன்னும் அங்கே இருக்கிறது.

மறுநாள் முதலாளி விசாரணை வைத்தார். விசாரணை என்றால் எல்லோருக்கும் டீ உண்டு.

"எவன்வே இத மாத்துனது?" என்று தொடங்கினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உலகம்மாள் அவர்கள் பேசிவிட்டார்.

"ஆளத் தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க மொதலாளி? அவுகள வீட்டுக்கு அனுப்பிட்டா அடுத்த ஆளு மாத்த மாட்டாகளா? அந்த எண்ணு எங்கன இருந்து வந்துச்சுன்னு கேளுங்க. அஞ்சு மாசம் யாரு கண்ணுக்கும் படாம எப்படி நின்னுச்சுன்னு கேளுங்க."

நான்தான் மாற்றினேன் என்று அந்தக் கூட்டத்திலேயே சொன்னேன். முதலாளி டீயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு உலகம்மாள் அவர்களைப் பார்த்தார். பிறகு மறுபடி டீயை எடுத்துக்கொண்டார். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது உலகம்மாள் அவர்களிடம், "நான்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும். எவ்வளவு நேரத்துக்கு மாத்துனீங்கன்னும் தெரியும்."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"அர மணி நேரத்துக்கு. எல்லாரும் அர மணி நேரத்துக்குத்தான் மாத்துதாங்க அண்ணாச்சி."

அந்த வாரமே விதியை மாற்றினார். சைரன் அளவு இனி நிரலோடு போகும் கோப்பில் இருக்காது. கோப்பில் ஒரு எண் இருந்தால் அதைப் பார்த்து மனிதர்கள் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள் என்பது அவர் கண்டது. அந்த எண் வெளியிலிருந்து மட்டுமே, ஒரே இடத்திலிருந்து மட்டுமே வரும். வராவிட்டால் நிரல் தானாக ஏதோ ஒரு எண்ணை வைத்துக்கொண்டு சமாளிக்காது, எழும்ப மறுத்துவிடும். சீசனில் தினமும் காலை ஆறு மணிக்கு, குளிக்க விடுவதற்கு முன் அதை நிறுத்தி எழுப்பிப் பேர் கூப்பிட வேண்டும். நிரல் எழும்பாத நாளில் விடுதி அருவியை அடைத்துவிட வேண்டும். இந்தக் கடைசி விதிக்கு ரெஜியிடம் கையெழுத்து வாங்க இருவரும் விடுதிக்குப் போனோம்.

"சீசன்ல ஒரு நாள் அடைச்சா ஓனர் என்னை அடைச்சிருவாரு மேடம்" என்றார் ரெஜி.

"சரி, அப்பம் சைரனக் கழத்திட்டுப் போயிருதோம். சைரன் இல்லன்னு போர்டு எழுதி மாட்டிக்கிடுங்க."

"ஐயோ, அதெப்படி மாட்ட முடியும்?"

"மாட்ட முடியாதுல்லா? அதத்தான் நானும் சொல்லுதேன்."

ரெஜி கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும்போது உலகம்மாள் அவர்கள் பாதையோரக் கடையில் மங்குஸ்தான் வாங்கி, ஓட்டை உடைத்து எனக்குப் பாதி கொடுத்தார். அந்த விவகாரத்தைப் பற்றி அதற்குப் பிறகு என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை.

அஞ்சலிக் கட்டுரையில் குறை சொல்வது வழக்கமில்லை. ஆனால் சரிபார்க்காத பாராட்டு அவருக்குப் பிடிக்காது என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரே இடத்தை அவர் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். வெளியிலிருந்து சைரன் அளவைச் சொல்லும் தனிக் கோப்பு சர்வரில் அவருடைய சொந்தக் கணக்கின் கீழ் இருந்தது. வேறு யாருக்கும் அதைத் தொட உரிமையில்லை. எனக்கும் கொடுங்கள் என்று கேட்டபோது, "ஒங்ககிட்ட குடுத்தா, நீங்க மாத்தலியேன்னு தெனமும் ஒங்களக் கூப்பிட்டுல்லா கேக்கணும்?" என்றார். தினமும் கூப்பிட்டுத்தானே பேசுகிறோம் என்றேன். சிரித்தார், கொடுக்கவில்லை.

தினமும் பேசினோம் என்பது உண்மை. ஒவ்வொரு சீசனிலும் காலை ஆறு மணிக்கு அவர் இலத்தூரிலிருந்து கூப்பிடுவார். பின்னால் குக்கர் சத்தம் கேட்கும். சில நாட்களில் சண்முகவேல் சட்டையைத் தேடும் சத்தமும் கேட்கும். பதினோரு பெயர்கள். அவர் படிப்பார், நான் சரி சொல்வேன். காய்ச்சலோடு படித்திருக்கிறார். மாமியார் இறந்த மறுநாள் காலையிலும் படித்தார். முதல் சீசனில் இது எனக்குத் தண்டனை போல இருந்தது. இரண்டாவது சீசனில் பழகிவிட்டது. அதற்குப் பிறகு, சீசன் முடிந்த மாதங்களிலும் ஆறு மணிக்கு விழிப்பு வந்து கைபேசியைப் பார்ப்பவனாக ஆகியிருந்தேன்.

கடந்த செவ்வாய்க்கிழமையும் கூப்பிட்டார். பதினொன்றாவதாகச் சைரன் அளவைப் படித்தார்.

"அறுபது. வெளியிலிருந்து. சரிதான அண்ணாச்சி?"

"சரி."

"அப்பம் வைக்கேன். அடுப்புல தோச கெடக்கு."

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். குரலில் எந்த மாற்றமும் இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன், எதுவும் இல்லை.

புதன்கிழமை இலத்தூரில் அடக்கம். காலை ஆறு மணிப் பேரை நானும் முதலாளியும் கூப்பிட்டுவிட்டுப் போனோம். நான் படித்தேன், முதலாளி சரி சொன்னார். சாரல் விட்டுவிட்டுப் பெய்தது. பந்தலுக்குள் இடமில்லாமல் ஆட்கள் தெருவில் குடையோடு நின்றார்கள். ரெஜி விடுதிச் சீருடையிலேயே வந்திருந்தார். மாலை வைத்துக் கும்பிட்டுவிட்டு ஒரு ஓரமாக நின்றவர், நிமிடத்துக்கு ஒருமுறை கைபேசியை எடுத்து ஓடையின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அந்த நேரத்தில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். "எழவு வீட்டுல வந்தும் போனப் பாக்கான் பாரு" என்று பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்தார். அன்று உலகம்மாள் அவர்களுக்குச் செய்யப்பட்ட மரியாதைகளில் அதற்கு இணையான ஒன்றை நான் பார்க்கவில்லை.

தூக்கும்போது மழை நின்றிருந்தது. சண்முகவேல் ஈர வேட்டியோடு முன்னால் நடந்தார். தெருமுனை வரை போய், அதற்குமேல் போக முடியாமல் நின்றுகொண்டேன்.

உலகம்மாள் அவர்களே, நீங்கள் கூப்பிட்ட ஒவ்வொரு பெயருக்கும் சரி சொன்ன உரிமையில் சொல்கிறேன்: நீங்கள் பார்த்த வேலை சரியாக இருந்தது. போய் வாருங்கள்.

பணியில் இல்லாதவரின் கணக்கை இரண்டு நாட்களுக்குள் சர்வரிலிருந்து நீக்க வேண்டும் என்பது அலுவலக விதி. புதன்கிழமை மாலை முதலாளி அதை நிறைவேற்றினார். கணக்கோடு, சைரன் அளவு உட்பட அதன் கீழிருந்த கோப்புகளும் நீங்கின. வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நிரலை நிறுத்தி எழுப்பினேன். அது எழும்பவில்லை. ரெஜிக்குத் தெரிவித்தேன். அன்று மாலை வரை அருவி அடைக்கப்பட்டிருந்தது.